மேனி மாறிய மணல்

புதுச் செருப்பு வாங்குகிறோம். பெட்டியைத் திறந்ததும் ஒரு சிறு பொட்டலம் உருண்டு விழுகிறது. மருந்துப் புட்டியிலும் அதே பொட்டலம். உள்ளே கற்கண்டுத் துணுக்குகள் போன்ற மணிகள். ‘தின்னாதீர்’ என்ற எச்சரிக்கையைப் படிக்கிறோம், குப்பையில் எறிகிறோம். எறிவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டோமா? காற்றிலுள்ள ஈரத்தை அந்த மணி ஏன் குடிக்கிறது? கடற்கரை மணலும் சிலிக்காதான்; சாளரக் கண்ணாடியின் பெரும்பகுதியும் சிலிக்காதான். மணல் நனைகிறது, வெயில் பட்டால் உலர்கிறது. மணியோ குடித்த ஈரத்தை எளிதில் விடுவதில்லை. ஒரே குலத்துப் பொருளுக்கு இரு வேறு குணம் எப்படி வந்தது?

‘அது அதன் பிறவிக் குணம்’ என்று சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது. கேட்டவனும் ஓய்வான், சொன்னவனும் ஓய்வான். நல்ல வேளையாக, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாகச் சிலர் அந்த விடையை ஏற்க மறுத்து வந்தனர். அவர்களது கதையைத்தான் கூற முற்படுகிறோம். எந்த மன்னன் எந்தக் களத்தில் எவனை வென்றான் என்பது நமக்குப் பள்ளிப் பருவம் முதல் புகட்டப்பட்டிருக்கிறது. ஒரு பிடி மணலின் மேனியை மாற்ற மனிதன் நடத்திய போராட்டம் எந்தப் பாடத்திலும் வந்ததாக நமக்கு நினைவில்லை.

பாரிசுக்கு அருகே செவ்ரெ என்னுமிடத்தில் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்சாலை உண்டு. அதனோடு தொடர்புடைய எபெல்மன் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர், 1846ஆம் ஆண்டளவில், சிலிக்கான் குளோரைடையும் ஆல்ககாலையும் சேர்த்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். காற்றின் ஈரம் படப் பட, அது மெல்ல மெல்ல இறுகிக் கண்ணாடி போலாயிற்று. உலை இல்லை, ஊதுகுழல் இல்லை. அறையின் வெப்பத்திலேயே ஒரு கண்ணாடி! அன்று அது ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவே. ஆனால் பின்னர் வந்தவர் அனைவரும் நடந்த பாதையின் முதல் கல் அங்கே நடப்பட்டது.

இலண்டனில் தாமஸ் கிரகாம் இருந்தார். அரசாங்க நாணயச் சாலையின் தலைவர்; ஓய்வு நேரத்திலும் ஆய்வை விடாதவர். 1864இல் அவர் சிலிக்காவின் கூழ்ப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, அதனுள் இருந்த நீரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஆல்ககாலைக் குடியேற்றிக் காட்டினார். கூழின் உருவம் குலையவில்லை. அப்படியானால், கூழ் என்பது நீரும் சிலிக்காவும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒன்றன்று. சிலிக்கா ஒரு வீடு, நீர் அதில் வாடகைக்கு இருப்பவன். வாடகைக்காரனை மாற்றலாம், வீடு நிற்கும். நுண்துளை என்ற எண்ணம் இங்கே கருக்கொண்டது எனலாம்.

அந்தக் கூழை உலர்த்தினால் கிடைப்பதே நம் பொட்டலத்து மணி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் பேட்ரிக், அதனைப் பெருமளவில் செய்யும் முறைக்கு 1919இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுப் புகை வீசப்பட்ட காலம். முகமூடிக்குள் எதை வைத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற தேடலில் வளர்ந்த பொருள் இது. ஆனால் உலர்த்தும்போது ஒரு தொல்லை. உள்ளிருக்கும் நீர் வெளியேறுகையில் சுவர்களை இழுத்துக்கொண்டே போகிறது. வீடு சுருங்கிப் பாதி இடிந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் ஒரு கல்லூரியில் இருந்த சாமுவேல் கிஸ்ட்லர் இதற்கு வழி கண்டார். கிரகாம் செய்தபடியே நீருக்குப் பதில் ஆல்ககாலைப் புகுத்தினார். பின்னர் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உயர்த்தி, நீர்மம், வளிமம் என்ற வேறுபாடே மறையும் நிலைக்குக் கொண்டுபோய், அதை நழுவவிட்டார். இழுக்க நீர்ப்பரப்பு இல்லை, சுவர் நின்றது. 1931இல் வெளியான அந்தப் பொருளுக்குப் பெயர் ஏரோஜெல். பெரும்பகுதி காற்று, சிறு பகுதி சிலிக்கா.

துளை கிடைத்துவிட்டது. ஆனால் துளையின் சுவர் எத்தகையது? அதுதான் நம் கேள்வியின் உயிர்நிலை. சற்றே பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள். சிலிக்காவின் உட்பகுதியில் ஒவ்வொரு கையும் ஓர் ஆக்சிஜனைப் பற்றியிருக்கிறது. அந்த ஆக்சிஜனின் மறுகை இன்னொரு சிலிக்கானைப் பற்றியிருக்கிறது. இப்படியே கைகோத்த கூட்டம். கூட்டத்தின் நடுவில் நிற்பவனுக்கு நாற்புறமும் தோழர். விளிம்பில் நிற்பவனுக்கு? ஒரு கை வெறுங்கை. அந்த வெறுங்கை, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் இணையைப் பற்றிக்கொள்கிறது. அதற்குச் சிலனால் என்று பெயர். நீரில் முழுதும் நனைந்து பழகிய சிலிக்காவின் மேனியில், ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் ஐந்து சிலனால்கள். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நீரை இழுப்பவை இந்தச் சிலனால்களே. மணலுக்கும் இவை உண்டு. ஆனால் மணலுக்கு மேனி சிறிது. துளை நிறைந்த மணிக்கோ, ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் மேனி! பிறவிக் குணத்தின் மர்மம் இவ்வளவுதான்: விளிம்பில் நிற்பவை எத்தனை, அவற்றின் கையில் இருப்பது என்ன.

கையில் இருப்பதை மாற்றினால் குணமும் மாற வேண்டுமே? மாறும். ஆனால் அதைக் காண மனிதனுக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ஒரு முனை சிலிக்காவைப் பற்ற வேண்டும், மறு முனை நாம் விரும்பும் கரிமப் பொருளாக இருக்க வேண்டும். கனிமத்துக்கும் கரிமத்துக்கும் இடையே ஒரு காலத்தில் பெருஞ்சுவர் எழுப்பியிருந்தனர். உயிருள்ளவற்றில் மட்டும் விளங்கும் ஏதோ ஒரு ‘உயிராற்றல்’ இல்லாமல் கரிமப் பொருளைச் செய்ய இயலாது என்று படித்தவர்களே நம்பினர். 1828இல் ஜெர்மன் அறிஞர் வோலர், கனிம உப்பிலிருந்து யூரியாவைச் செய்து காட்டியபோது அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. ஒரே நாளில் இடிந்துவிடவில்லை. எந்த மூடநம்பிக்கைதான் ஒரே நாளில் இடிந்தது? ஆயினும் அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்குள், சிலிக்கானையும் கரியையும் ஒரே மூலக்கூறில் பிணைக்கும் கலை வளர்ந்தது. அப்படிப் பிணைத்தவற்றுள் ஒரு குடும்பம் சிலேன்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வின்டன் பேட்னோட் என்பவர், மெத்தில் குளோரோசிலேன் ஆவி பட்ட காகிதம், துணி, பீங்கான் ஆகியவை நீரை உதறித் தள்ளுவதைக் கண்டு 1942இல் காப்புரிமை பெற்றார். நிகழ்ந்தது என்ன? சிலேனில் உள்ள குளோரின், மேனியிலுள்ள ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறுகிறது. சிலேன் அந்த இடத்தில் ஆக்சிஜனைப் பற்றி அமர்ந்துவிடுகிறது. அதன் வெளிமுகத்தில் இருப்பது எண்ணெய் இனத்தைச் சேர்ந்த மெத்தில். நீரை வரவேற்ற வாயிற்படியில், நீரை விரட்டும் காவலாளி!

சிலிக்காவின் வரலாற்றில் இதனை அழகாகப் பயன்படுத்தியவர் ஆர்ச்சர் மார்ட்டின் என்பது நம் கருத்து. இங்கிலாந்தில் லீட்சு நகரத்துக் கம்பளித் தொழில் ஆய்வகத்தில், ரிச்சர்ட் சிஞ்சோடு சேர்ந்து 1941இல் அவர் செய்தது இது: சிலிக்கா மணித்தூளில் நீரைத் தேக்கி ஒரு குழாயில் அடைத்தார், மேலிருந்து குளோரோபாம் ஒழுகச் செய்தார். புரதத்திலிருந்து பெற்ற கலவை குழாயில் இறங்குகையில், நீரை அதிகம் நாடுவது பின்தங்கியது, நாடாதது முந்தியது. பிரிக்க முடியாமல் கிடந்தவை வரிசையாக நின்று பிரிந்தன. குரோமட்டோகிராபியின் இந்தப் புதுமுறைக்காக இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி எல்லோரும் அறிந்தது. பரிசுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நடந்த சிறு நிகழ்ச்சியே நமக்கு முக்கியம்.

நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவை நீரை அண்டாதவை. குழாயில் தேங்கி நிற்பது நீராக இருந்தால் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். எண்ணெய் தேங்கி நிற்க வேண்டும், நீர் கலந்த நீர்மம் ஓட வேண்டும். அதாவது எல்லாம் தலைகீழ். ஆனால் சிலிக்காவின் மேனி நீரைத்தானே நாடும்? எண்ணெயைத் தள்ளிவிடுமே? 1950இல் மார்ட்டினும் அவருடைய தோழர் ஹோவார்டும், டயட்டம் என்னும் நுண்ணுயிரிகளின் சிலிக்கா ஓடுகளாலான தூளை, டைமெத்தில் டைகுளோரோசிலேன் ஆவியில் காட்டி எடுத்தனர். மேனி மாறியது, எண்ணெய் நின்றது, கொழுப்பு அமிலங்கள் பிரிந்தன. சிலிக்காவின் ‘இயல்பு’ தடையாக நின்றபோது, அவர்கள் சிலிக்காவைக் கைவிடவில்லை, இயல்பையே மாற்றினர்.

அடுத்த கேள்வி தானே எழுந்தது. தேங்கிய எண்ணெய் ஓட்டத்தில் சிறிது சிறிதாகக் கழுவிக்கொண்டு போகிறதே. அதையும் சுவரில் கட்டிவிட்டால் என்ன? 1960களின் இறுதியிலும் 1970களிலும் அதுவும் நடந்தது. பதினெட்டுக் கரி அணுக்கள் கொண்ட சங்கிலியைச் சிலேனின் முதுகில் ஏற்றிச் சிலிக்காவில் நட்டனர். இன்று மருந்துத் தொழிற்சாலைகளில் மாத்திரையின் தூய்மையைச் சோதிக்கும் குழாய்களில் மிகப் பரவலாக இருப்பது இதுவே. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால், மேனி மாறிய மணல் ஒன்று சாட்சி சொல்லியிருக்கக்கூடும்.

எல்லாம் எளிதாக முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சிலேன் பருமனானது, ஒன்று அமர்ந்தால் பக்கத்துச் சிலனாலை மறைத்துவிடும். ஆகவே எவ்வளவு முயன்றாலும் சிலனால்களில் சுமார் பாதியே பிணைப்புக்கு வரும். மீதி, புல்லுக்கு அடியில் ஈரம் போல ஒளிந்து கிடந்து, வேதியியலாரின் கணக்கைக் கெடுக்கும். துளைகள் வளைந்தும் நெளிந்தும், ஒன்று அகலமாகவும் மற்றொன்று குறுகலாகவும் இருந்ததால், எந்தத் துளையில் எது நடந்தது என்று சொல்வதும் அரிதாயிற்று. ஒரே அளவில், ஒழுங்கான துளைகள் வேண்டும் என்ற ஏக்கம் வளர்ந்தது.

இங்கேதான் வரலாற்றில் ஒரு வழக்கு வருகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

1992 அக்டோபரில் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் கிரெஸ்ஜ், பெக் முதலிய ஐவர், எம்.சி.எம். 41 என்ற பொருளை அறிவித்தனர். சோப்பு இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் நீரில் ஒன்றுகூடிச் சிறு உருளைகளாக நிற்கும். அவ்வுருளைகளைச் சுற்றிச் சிலிக்கா படியும். பிறகு சோப்பை எரித்துவிட்டால், தேனடை போன்ற அறுகோண ஒழுங்கில் துளைகள் எஞ்சும். துளையின் அகலம் 1.6 நானோமீட்டர் முதல் 10 நானோமீட்டர் வரை, நாம் விரும்பியபடி. ஒரு கிராமின் மேனியோ ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் சுமார் 25 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைத் தூளுக்குள்! அப்பொருளின் மேனியைச் சிலேனால் மாற்றலாம் என்பதையும் அதே ஆண்டு வெளிவந்த விரிவான கட்டுரையில் அவர்கள் காட்டினர். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதன் மேல் பாய்ந்தன.

ஆனால் 1990இலேயே, தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் குரோடாவும் அவருடைய தோழர்களும், கனமைட்டு என்னும் அடுக்குச் சிலிக்கேட்டை எடுத்து, அதே சோப்பு இனத்தைக் கொண்டு, ஒரே சீரான நுண்துளைகளை ஆக்கி ஜப்பானிய இதழில் வெளியிட்டிருந்தனர். அதற்கும் முன்பே, மின்விளக்குகளுக்குப் பெயர் பெற்ற சில்வேனியா என்ற அமெரிக்க நிறுவனத்தில் சியோலா, ரிட்ஸ்கோ, வாண்டர்பூல் என்ற மூவர், 1969இல் விண்ணப்பித்து 1971இல் ஒரு காப்புரிமை பெற்றிருந்தனர். ‘பாரம் குறைந்த சிலிக்காத் தூள் செய்யும் முறை’ என்பது அதன் பொருள். அதே சோப்பு இனம், அதே சிலிக்கா. செய்தார்கள், எடை குறைவென்று எழுதினார்கள், போய்விட்டார்கள்.

1997இல் பிரான்சின் மான்ட்பெல்லியே நகரத்து டி ரென்சோவும் அவருடைய துணைவர்களும் அந்தப் பழைய காப்புரிமையைத் தூசு தட்டி எடுத்தனர். ‘எங்கள் பழைய ஏட்டில் முன்னமே எழுதியிருக்கிறது’ என்று மார்தட்டும் கூட்டத்தை நாம் அறிவோம். இவர்கள் மார்தட்டவில்லை. ஏட்டில் கண்டபடியே மூலப்பொருள்களைக் கலந்தனர், செய்தனர், அளந்தனர். வந்தது எம்.சி.எம். 41தான்! இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்முறை என்று வெளிப்படையாக எழுதினர்.

மாலையை யாருக்குச் சூட்டுவது? காலத்தால் முந்தியவர்கள் சில்வேனியாவின் மூவர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் தேடியது பாரம் குறைந்த தூள். கிடைத்ததும் பாரம் குறைந்த தூளாகவே அவர்கள் கண்ணில் பட்டது. உள்ளே இருந்த தேனடையை அவர்கள் தேடவில்லை. பெரிய எண்ணெய் மூலக்கூறுகள் நுழையக்கூடிய அகலத் துளை வேண்டும் என்ற வேட்கையோடு வந்த மொபில் குழு, துளையை நோக்கியே கண்ணைத் திருப்பி வைத்திருந்தது. குரோடாவின் குழு பெருந்தொழிலின் பின்பலமின்றித் தானே அவ்விடத்தை அடைந்தது. ஆயினும் மேலைநாட்டு ஏடுகள் பலவற்றில் அவர் பெயர் அடிக்குறிப்பாகவே வருகிறது. நம் தீர்ப்பு இது: 1992ஐத் தொடக்கம் என்று எழுதும் பாடநூல் திருத்தப்பட வேண்டும்; விளக்கிக் காட்டிய பெருமை மொபிலுக்கு, வழி திறந்த பெருமையில் வசேடாவுக்குச் சமபங்கு, முந்திச் செய்த உண்மை சில்வேனியாவுக்கு.

ஒழுங்கான வீடு கிடைத்தபின், உள்ளே அலங்கரிக்கும் வேலை விரைந்தது. கட்டி முடித்த வீட்டுக்குள் சிலேனை ஏற்றுவது ஒரு வழி. அதில் வாயிலருகே நெரிசல், உள்ளறை காலி என்ற குறை உண்டு. கட்டும்போதே செங்கல்லோடு சிலேனையும் கலந்துவிடுவது இன்னொரு வழி. 1996இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் மான் குழு அதைக் காட்டியது. 1999இல் ஜப்பான், கனடா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் மூன்று குழுக்கள் தனித்தனியே மேலும் ஓர் அடி வைத்தன: கரிமத்தைச் சுவரின் மேல் பூசாமல், சுவருக்குள்ளேயே செங்கல்லாக வைத்தன. இப்போது கனிமம் எது, கரிமம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் விழிக்க வேண்டியதுதான். 2001இல் மாட்ரிட் நகரில் வாலே ரெகியின் குழு, வலி தீர்க்கும் ஐபுபுரோபன் மருந்தை அத்துளைகளில் ஏற்றி, மெல்ல மெல்ல வெளிவரச் செய்தது. இவற்றையெல்லாம் விரிக்க இங்கே இடமில்லை.

விரித்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு: பாதரசம்.

1956இல் ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் மீனவர் குடும்பங்களில் கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று, பார்வை குறுகிற்று. இரசாயனத் தொழிற்சாலையின் கழிவில் வந்த பாதரசம் மீனுக்குள் புகுந்து, மீன் வழியே மனிதனுக்குள் புகுந்திருந்தது. காரணத்தை அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. பாதரசம் அங்கேதான் என்று எண்ண வேண்டாம். நம் கொடைக்கானல் மலையில் வெப்பமானி செய்த ஒரு தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டு மக்கள் எதிர்த்ததால் 2001இல் மூடப்பட்டது. கழிவு நீரில் பாதரசம் மிகச் சிறிய அளவிலும் கொடியது. சிறிய அளவைப் பிடிப்பதே கடினமும் ஆகும்.

பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத நாட்டம். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனை கொண்ட கரிமப் பொருள்களை 1830களில் ஆராய்ந்த டேனிய அறிஞர் சைசே, அவற்றுக்கு மெர்காப்டன் என்று பெயரிட்டார்; ‘பாதரசத்தைப் பற்றுவது’ என்பதே அந்த இலத்தீன் பெயரின் பொருள். பெயர் அன்றே இருந்தது. பற்றுவதற்கு வீடு இல்லை. 1997இல் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பெங், பிரிக்செல், லியூ முதலியோர், தேனடைச் சிலிக்காவின் துளைகளுக்குள் இந்தக் கந்தக முனைச் சிலேனை நட்டனர். நாற்று நடுவது போன்ற வேலை அது. நீர் சிறிதும் இல்லாவிட்டால் சிலேன்கள் நெருங்கி நில்லா. மிகுந்துவிட்டால் சுவரை மறந்து தமக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். மேனியில் அளவறிந்து நீர் ஊட்டி, அதன்பின் நட்டனர். மேனியில் 76 விழுக்காடு வரை நாற்று நிறைந்தது. அதே ஆண்டில் மிச்சிகனில் மெர்சியர், பின்னவையா இருவரும் இதே கருத்தில் வேறு வழியாக வெற்றி கண்டனர்.

விளைவு என்ன? சோதனைகளுள் சிறந்ததில், நீரில் ஒரு பங்கு பாதரசம் எஞ்சி நின்றால், அதே எடையுள்ள சிலிக்காவில் 3,40,000 பங்கு பிடிபட்டிருந்தது. ஈயமும் வெள்ளியும் கூடச் சிக்கின.

அப்படியானால் கழிவு வாய்க்கால்தோறும் இது ஏன் இல்லை என்று இளைஞர் கேட்பர், கேட்கத்தான் வேண்டும். தேனடை கட்டுவதற்குப் பயன்படும் சோப்பு இனம் விலை உயர்ந்தது; கட்டி முடித்ததும் அதை எரித்துவிடுகிறோம். சிலேனும் மலிவன்று. மாத்திரையைச் சோதிக்கும் குழாய்க்கு விரலளவு தூள் போதும், விலையை மருந்து தாங்கிக்கொள்ளும். ஆற்றைத் தூய்மையாக்கத் தூள் மலைபோல் வேண்டும், விலையைத் தாங்க ஆற்றுக்கு உடைமையாளன் இல்லை. வேதியியலின் குறை இதில் பாதிதான்; மீதிப் பாதிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே உள்ளவர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தச் செலவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, பிடித்த பாதரசத்தை உதறிவிட்டுப் பொருளை மறுபடி பயன்படுத்துவது. 1997ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதையும் செய்து பார்த்திருந்தனர். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால், கந்தக முனைகள் பாதரசத்தை விட்டுவிடுகின்றன. தூளைத் திரும்ப எடுத்து, மீண்டும் அழுக்கு நீரில் இறக்கலாம்.